கண்ணால் காணாத மீற்றரைக் காசு கொடுத்து வாங்குமுன்

சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் உம்மா எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அதில் மூன்று பக்கம் மகனைப் பற்றியது. தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்து முடித்த பிள்ளை, வெளிநாட்டுக்குப் போகாமல் வீட்டு முன் அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, அயலவர்களின் ரீ.வீ., சார்ஜர், எல்.ஈ.டி. பல்ப், பள்ளிவாசல் அம்பிளிஃபயர் என்று திருத்திக் கொடுத்து வருகிறார். வேலையில் நல்ல பெயர். இப்போது அவருக்கு ஓர் ஆசை. ‘ஒஸிலோஸ்கோப்’ என்று ஒரு கருவி வேண்டுமாம். புதியது வாங்க வசதியில்லை. அமெரிக்காவில் ஒருவர் பாவித்த கருவி ஒன்றை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறாராம். உம்மாவுக்கு அடுத்த மாதம் சீட்டு விழுகிறது. ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்: “பழைய சாமான். கண்ணால் பார்க்கவும் இல்லை, கையால் தொடவும் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற ஆளுக்குக் காசு அனுப்பச் சொல்கிறார். இது அவருக்குத் தேவைதானா, ஏமாந்து விடுவாரா என்று எழுதுங்கள். நான் கவனிக்க வேண்டியது வேறு ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.”

சகோதரியே, உங்கள் கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது நிச்சயமாக இருக்கிறது. அது காசைவிடப் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், அந்தக் கருவி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகனின் மேசையில் ஒரு மல்டிமீற்றர் இருக்கும். கறுப்பும் சிவப்பும் வயர் தொங்கும் சிறிய பெட்டி. அது மின்சாரத்தின் அளவை ஓர் எண்ணாகச் சொல்லும். ஒஸிலோஸ்கோப் எண்ணாகச் சொல்லாது. படமாக வரைந்து காட்டும். ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு எழுபது என்று தாதி சொல்வதற்கும், ஈ.சி.ஜி. எடுத்து அந்தத் துடிப்பின் கோட்டையே டொக்டர் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அம்பிளிஃபயரில் ஓசை ஏன் கரகரக்கிறது, பவர் சப்ளை ஏன் அரை நொடிக்கொரு தடவை அணைந்து எரிகிறது என்பதெல்லாம் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தக் கருவிகளுக்குப் பெயர்போன கம்பனிகள் சில உண்டு. 1939 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஹியூலட் பக்கார்ட், 1946 இல் ஒரிகன் மாநிலத்தில் தொடங்கிய டெக்ட்ரொனிக்ஸ், 1948 இல் தொடங்கிய ஃபுளூக். ஹியூலட் பக்கார்ட்டின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999 இல் அஜிலன்ட் என்றும், 2014 இல் கீசைட் என்றும் பெயர் மாறியது. ஆகவே ஒரே கருவியை மூன்று பெயர்களில் காண நேர்ந்தால் குழம்ப வேண்டாம். இவர்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் செய்தவை அநேகமாகத் திருத்திப் பாவிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அக்காலக் கைநூல்களில் முழு மின்சுற்றுப் படமும் இருக்கும்; எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தக் கைநூல்கள் பலவற்றை இன்று இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். இப்போது வரும் கருவிகள் பலவற்றோடு சுற்றுப் படம் தருவதில்லை. உங்கள் மகன் போன்ற ஒருவர் பழையதைத் தேடுவதில் அறிவீனம் எதுவுமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவை எப்படிச் சந்தைக்கு வருகின்றன? ஒரு தொழிற்சாலை மூடப்படும். ஓர் ஆய்வுகூடம் புதிய கருவிகளுக்கு மாறும். பழையவை பலகைத் தட்டுகளில் அடுக்கப்பட்டு மொத்தமாக ஏலம் போகும். எடுப்பவர் பழஞ்சாமான் வியாபாரி. அவருக்கு அது என்ன சாமான் என்பதே சில வேளை தெரியாது. பெயர்ப் பலகையில் உள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள மற்றொன்று என்ன விலை போனது என்று தேடி, ஒரு படம் பிடித்து விற்பனைக்குப் போடுவார். பெரும்பாலும் ஈபேயில்.

அந்த ஈபேயின் பிறப்பைப் பற்றி ஒரு சிறு கதை. 1995 இல் பியர் ஒமிடியார் என்பவர் அதைத் தொடங்கியபோது முதலில் விலை போன பொருள், பழுதடைந்த ஒரு லேசர் சுட்டி. 14 டொலர் 83 சதம். அது உடைந்தது என்று தெரியுமா என வாங்கியவரிடம் அவர் கேட்டபோது, உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பதே தமது வழக்கம் என்று பதில் வந்ததாம். அந்தச் சந்தை பழுதான ஒரு சாமானோடுதான் ஆரம்பித்தது; ஆனால் பழுதை விற்றவர் சொன்னார், வாங்கியவர் தெரிந்தே வாங்கினார். இன்று விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

விளம்பரத்தில் எழுதியிருப்பதை மகனோடு உட்கார்ந்து நீங்களும் வாசியுங்கள். ஆங்கிலம் முழுவதும் புரிய வேண்டியதில்லை. நாலைந்து சொற்கள் போதும். ‘சோதிக்கப்படவில்லை’ என்று அடிக்கடி காண்பீர்கள். யோசித்துப் பாருங்கள். படம் பிடித்த அறையில் மின்சாரம் இருக்கிறது, கருவியின் வயர் பக்கத்தில் கிடக்கிறது. சொருகிப் பார்க்க ஒரு நிமிடம் செல்லாது. அப்படியிருந்தும் சோதிக்கவில்லையாம்! பலர் சோதித்திருப்பார்கள், வேலை செய்யவில்லை என்று கண்டிருப்பார்கள். வேறு சிலர், குறையைத் தெரிந்துகொண்டால் அதைச் சொல்ல வேண்டிவரும் என்பதற்காகவே சோதிக்காமல் விடுவார்கள். குறையைத் தெரிந்து மறைத்து விற்பது எத்தகைய வியாபாரம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்பவரின் கணக்கு என்னவென்று நீங்களே சொல்லுங்கள். ‘சோதிக்கப்படவில்லை’ என்பதை ‘பழுது’ என்றே வாசித்து, பழுதான சாமானின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். ‘உதிரிப்பாகங்களுக்கு’ என்று வெளிப்படையாக எழுதியிருப்பவர் அவரைவிட எவ்வளவோ நல்லவர்.

‘மின்சாரம் ஏறுகிறது’ என்பது இன்னொரு சொல். சிறிய விளக்கு எரிகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை. ஒஸிலோஸ்கோப்பின் விளக்கு எரிந்து, திரையில் கோடு வராவிட்டால் அது இருபது இறாத்தல் பாரமுள்ள விளக்குத்தான்.

படங்களைப் பார்க்கும்போது திரையில் கோடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாவிட்டால், விற்பவருக்கு எழுதிக் கேட்கலாம். இந்தக் கருவிகளின் முன்பக்கத்தில் ஒரு சிறிய முனை இருக்கும். சதுர வடிவ அலை ஒன்றை அது தானாகவே வெளியிடும், சோதிப்பதற்கென்றே வைத்தது. “அந்த முனையில் புரோப்பை வைத்து, திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள், கருவியில் உள்ள எல்லா உள்ளீடுகளிலும் ஒன்றன் பின் ஒன்றாக” என்று மகன் எழுதட்டும். நல்ல விற்பனையாளர் செய்வார். புரோப் இல்லை என்று சொல்பவரிடம், ஒரு துண்டு வயரினால் தொட்டுக் காட்டச் சொல்லலாம். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். பின்பக்கத்தின் படமும் வேண்டும். பிளக்கின் படமும் வேண்டும். பிளக்கை ஏன் சொன்னேன் என்பது பின்னர் விளங்கும்.

ஹியூலட் பக்கார்ட்டின் பழைய கருவி என்றால் அதன் தொடர் இலக்கமே வயதைச் சொல்லிவிடும். முதல் நான்கு எண்களுக்குப் பின் ஓர் எழுத்து வரும். முதல் இரண்டு எண்ணோடு 1960 ஐக் கூட்டுங்கள். அடுத்த இரண்டும் அந்த ஆண்டின் வாரம். 2835 என்று தொடங்கினால் 1988 ஆம் ஆண்டு, 35 ஆவது வாரம். அந்த வடிவமைப்பில் கடைசி மாற்றம் அப்போது செய்யப்பட்டது. கருவி பிறந்தது அப்போதோ அதற்குச் சற்றுப் பின்னரோ. “கொஞ்ச நாள் பாவித்தது” என்று எழுதியிருப்பவரின் வாயை இந்த எண் அடைத்துவிடும்.

வயது தெரிந்தால் நோயும் தெரியும். மனிதர்களைப் போலத்தான், இந்தக் குடும்பங்களுக்கும் பரம்பரை வியாதிகள் உண்டு. டெக்ட்ரொனிக்ஸ் 2465பி என்று ஒன்று இருக்கிறது. நான்கு உள்ளீடு, 400 மெகாஹேர்ட்ஸ். எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜாவைப் போல இருந்த கருவி. பிற்காலத்தில் செய்யப்பட்டவற்றில் ஒரு பலகையிலுள்ள சிறிய கப்பாசிற்றர்கள் (பழைய ஆட்கள் கண்டென்சர் என்பார்கள்) கசிந்து, செப்புத் தடங்களையே அரித்துவிடும். அத்தோடு, கருவியின் அளவுத்திருத்த எண்கள் எல்லாம் உள்ளே பற்றரியோடு சேர்த்து மூடப்பட்ட ஒரு சிப்பில் இருக்கின்றன. அந்தப் பற்றரி செத்தால் எண்களும் போய்விடும். கருவி எரியும், ஆனால் தன் அளவையே மறந்திருக்கும். தொண்ணூறுகளில் வந்த டெக்ட்ரொனிக்ஸ் டீ.டீ.எஸ். 500 வரிசையிலும் கசியும் கப்பாசிற்றர் தொல்லை பிரசித்தம். ஹியூலட் பக்கார்ட் 34401ஏ என்ற மேசை மீற்றர் மிக நல்லது, ஆனால் பல வருடம் இரவு பகல் எரிந்தவற்றின் எண் திரை மங்கிப்போயிருக்கும். பகல் வெளிச்சத்தில் வாசிக்க முடியாது. விளம்பரப் படத்தை இருட்டறையில் எடுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மாறாக, 1972 இல் வந்த டெக்ட்ரொனிக்ஸ் 465 போன்ற எளிமையான கருவிகளில் மறதி வியாதிக்கு இடமில்லை. உள்ளே கணினியே இல்லையல்லவா. ஆளிகளில் அழுக்குப் பிடிக்கும், துப்புரவாக்கலாம்.

விலையைப் பற்றி உங்களுக்கு ஒரு கணக்கு. விளம்பரத்தில் 150 டொலர் என்று இருப்பதை முந்நூறால் பெருக்கி நாற்பத்தையாயிரம் என்று மகன் உங்களிடம் சொல்லியிருப்பார். 465 சுமார் பத்துக் கிலோ. பொதி செய்தால் இன்னும் கூடும். அதை அமெரிக்காவிலிருந்து ஆகாய மார்க்கமாக அனுப்பச் சாமானின் விலையைவிட அதிகம் கேட்பது புதுமையல்ல. நமது சுங்கம் வரி கணிக்கும்போது சாமானின் விலையை மட்டும் பார்ப்பதில்லை; அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்குத்தான் கணிக்கும். அதற்கு மேல் 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்ட வற் வரியையும் நினைவில் வையுங்கள். 2020 க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் எத்தனை தடவை மாறின என்பதை வியாபாரம் செய்யும் உங்கள் உறவினர்கள் சொல்வார்கள். ஆகவே, காசு அனுப்புமுன் அந்தப் பொருளைக் கொண்டுவரலாமா, என்ன வரி என்று விசாரிக்க வேண்டும். கருவியோடு புரோப் வராது. நல்ல புரோப் இரண்டு தனியாக வாங்க வேண்டும். எல்லாம் கூட்டினால் நாற்பத்தையாயிரம் உங்கள் சீட்டுக் காசு முழுவதையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

இதை வைத்துப் பார்த்தால் புதியதோடு ஒப்பிட வேண்டிய கட்டாயம் வருகிறது. 2014 இல் ரைகோல் என்ற சீனக் கம்பனி நான்கு உள்ளீடுள்ள ஒரு டிஜிட்டல் ஒஸிலோஸ்கோப்பை ஏறத்தாழ 400 டொலருக்குக் கொண்டுவந்தது. பழைய கருவி வியாபாரத்தையே அது ஆட்டிப்பார்த்தது. அதற்குப் பின் இரண்டு உள்ளீடுள்ள, இன்னும் மலிவானவை பல வந்துவிட்டன. மூன்று கிலோவுக்குள் பாரம், உத்தரவாதம், புரோப்போடு வரும். சார்ஜரும் ரீ.வீ.யும் அம்பிளிஃபயரும் திருத்தும் ஒருவருக்கு அதுவே தாராளம். அமெரிக்காவில் இருப்பவருக்குப் பக்கத்து ஊரிலிருந்து காரில் ஏற்றிவர முடிகிற 465 நல்ல பேரம். சம்மாந்துறையில் இருப்பவருக்கு அது பேரமில்லை. பழைய கருவிதான் வேண்டும் என்றால், பாரம் குறைந்ததைப் பாருங்கள். கையில் பிடிக்கும் ஃபுளூக் மீற்றர் பழையதாக வாங்குவதற்கு ஏற்றது. பார்சல் செலவு சிறிது, உள்ளே அரிக்கும் சாமானும் குறைவு.

உண்மையில் நான் மகனுக்குச் சொல்வது, முதலில் நல்ல மீற்றர். ஒஸிலோஸ்கோப் அதற்குப் பிறகு. அவர் திருத்தும் சாமான்களில் பெரும்பாலானவற்றின் பழுதை மீற்றராலேயே கண்டுபிடிக்கலாம். அத்துடன், அவர் தினமும் 230 வோல்ட்டில் வைப்பது மீற்றரைத்தான். மலிவு மீற்றர் தவறான எண்ணைக் காட்டினால் ஒரு சார்ஜர் பாழாகும். காட்ட வேண்டியதைக் காட்டாமல் பூச்சியம் என்று காட்டினால், மின்சாரம் இல்லை என்று நினைத்துக் கையை வைப்பார்.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு மேசை மீற்றர் வாங்கினேன். விற்றவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை. “நன்றாக வேலை செய்கிறது” என்று எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவுமில்லை. ரிஜிபோம் துண்டுகளுக்கு நடுவில் அழகாகப் பொதி செய்து அனுப்பியிருந்தார். பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் பின்பக்கத்தைப் பார்க்காமலே சொருகிவிட்டேன். பின்பக்கத்து ஆளி 115 வோல்ட்டில் இருந்தது. அந்த நாட்டில் 120 வோல்ட், நம்முடையது 230. அப்படியானால் பியூஸ் எரிந்து கருவி தப்பியிருக்க வேண்டுமல்லவா? பியூஸ் எரியவில்லை. ட்ரான்ஸ்போமர் எரிந்தது. அறை முழுக்கக் கரிந்த வார்னிஷ் மணம். பிறகு பியூஸ் கூட்டைக் கழற்றிப் பார்த்தால், எப்போதோ எரிந்துபோன ஒரு பியூஸைச் சுற்றிச் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாள் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது.

யாரோ ஒருவர், எத்தனையோ வருடங்களுக்கு முன், அவசரத்தில், கடை பூட்டிய நேரத்தில் செய்த காரியம். நாளைக்குச் சரியான பியூஸ் போடலாம் என்று நினைத்திருப்பார். விற்றவருக்கும் அது தெரிந்திருக்காது. பழைய கருவியை வாங்கும்போது அதன் முந்திய சொந்தக்காரரின் கையையும் சேர்த்து வாங்குகிறோம். விளம்பரத்தில் அந்தக் கை தெரிவதில்லை.

ஆகவே மகனின் பார்சல் வந்ததும் மின்சாரத்தில் சொருகுவதற்கு முன் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கை மீற்றர் என்றால் பின்மூடியைக் கழற்றி பியூஸ்களைப் பார்க்க வேண்டும். ஃபுளூக் 87 போன்றவற்றில் 1000 வோல்ட் தாங்கும் தடித்த விசேட பியூஸ்கள் இரண்டு உண்டு. ஒன்று 11 அம்பியர், மற்றது 440 மில்லிஅம்பியர். விலை கூடியவை. அதனால்தான் பலர் அந்த இடத்தில் சாதாரணக் கண்ணாடி பியூஸைச் சொருகிவிடுகிறார்கள், சிலர் வெறும் செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் மீற்றர் அழகாக வேலை செய்யும். ஒருநாள் வயரைத் தவறான துளையில் சொருகி, வீட்டு மின்சாரத்தில் வைக்கும் அந்த ஒரு கணத்தில், நல்ல பியூஸ் உள்ளே அடங்கி அணையும். கம்பி சுற்றிய மீற்றர் கையிலேயே வெடிக்கும்.

மீற்றரின் முகத்தில் ‘கற் 3’, ‘600 வோல்ட்’ என்பது போல அச்சடித்திருக்கும். எந்த இடத்து மின்சாரத்தை அளக்கலாம் என்பதற்கான வகுப்பு அது. வீட்டுச் சுவரில் சொருகும் சாமான்களுக்கு இரண்டாம் வகுப்பு, வீட்டின் மெயின் சுவிட்ச் பலகைக்கு மூன்றாம் வகுப்பு, வெளியிலிருந்து வரும் கம்பிக்கு நான்காம் வகுப்பு. அது அச்சிடப்படாத பழைய மீற்றரைப் பற்றரி அளப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒஸிலோஸ்கோப் என்றால் பிளக்கைப் பாருங்கள். இதை நீங்களே பார்க்கலாம், படிப்புத் தேவையில்லை. அமெரிக்கப் பிளக்கில் இரண்டு தட்டைக் கால், ஒரு உருண்டைக் கால். அந்த உருண்டைக் கால்தான் ஏர்த். அது வெட்டப்பட்டிருந்தாலோ முறிக்கப்பட்டிருந்தாலோ முந்திய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கால் தற்செயலாக உடைவதில்லை. வெட்டுகிறார்கள். ஏன் வெட்டுகிறார்கள் என்பதை மகன் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒஸிலோஸ்கோப்பின் புரோப்பில் ஒரு கறுப்புக் கிளிப் இருக்கும். அது கருவியின் உலோக உடலோடும், உடல் ஏர்த் காலோடும் நேராக இணைந்திருக்கிறது. சார்ஜர், ரீ.வீ. போன்றவற்றின் பவர் பகுதியில் ஒரு பாதி வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. 230 வோல்ட்டை நேர்மின்னாக்கி அங்கே ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். அந்தப் பகுதியில் கறுப்புக் கிளிப்பை மாட்டினால் மின்சாரம் கிளிப் வழியாக ஏர்த்துக்குப் பாயும். பொறி பறக்கும், ட்ரிப் சுவிட்ச் விழும். அப்போது விளங்காதவர் செய்வது, ஏர்த் காலை வெட்டிவிடுவது. அதன் பின் பொறி பறக்காது, ட்ரிப் விழாது, திரையில் கோடும் அழகாக வரும். ஆனால் ஒஸிலோஸ்கோப்பின் உடல் முழுவதிலும் இப்போது வீட்டு மின்சாரம் ஏறியிருக்கிறது. ஒரு கையால் குமிழைத் திருகி, மறுகையால் மேசை விளக்கின் இரும்புத் தண்டைத் தொட்டால் போதும். நெஞ்சுக்கூட்டின் குறுக்கே பாயும்.

இதற்குச் சரியான வழி, திருத்தப்படும் சாமானைத் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் ஒன்றின் வழியாக இயக்குவது. கருவியை அல்ல, சாமானை. அதற்கு வசதி வரும்வரை இரண்டு புரோப்களை இரண்டு புள்ளிகளில் வைத்து, கறுப்புக் கிளிப் எதையும் மாட்டாமல், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டும்படி கருவியை வைக்கலாம். பெரும்பாலான இரட்டை உள்ளீட்டுக் கருவிகளில் அதற்கு வசதி உண்டு. புரோப் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கருவிக்கு முதன்முறை மின்சாரம் கொடுப்பதும் பக்குவமாகச் செய்ய வேண்டியது. பின்பக்கத்து வோல்ட் ஆளியைச் சரிபார்த்து, பியூஸை அதற்கேற்ற அளவுக்கு மாற்றி, இழை உள்ள பழைய 60 அல்லது 100 வோட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுத்தால், உள்ளே குறுக்குத் தொடுப்பு இருந்தால் பல்ப் பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும். சில பவர் சப்ளைகள் பல்ப் வழியாகத் தொடங்க மறுத்துச் சிமிட்டும். அது மட்டும் பழுதுக்கு அறிகுறியல்ல. பழைய கருவிகள் பலவற்றில் மின்சாரம் நுழையும் இடத்தில் ரீஃபா என்ற பெயருடைய, தேன் நிறத்தில் ஒளிபுகும் கப்பாசிற்றர்கள் இருக்கும். அவற்றின் மேற்பரப்பில் வெடிப்புகள் தெரிந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது இன்னும் மோசம். மின்சாரம் கொடுத்துச் சில நிமிடங்களிலோ சில மணிகளிலோ வெள்ளைப் புகையோடு போய்விடும். வீடே நாறும். சில ரூபாய்ச் சாமான், முதலே மாற்றிவிடலாம்.

கருவி சொல்வது உண்மைதானா என்று பார்ப்பது அடுத்தது. சதுர அலையின் மேல்விளிம்பு நேராக இருக்கிறதா? சிறிய ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்றின் வெளியீட்டைக் காட்டினால், நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு அலைக்கு 20 மில்லிசெக்கன் வர வேண்டும். மீற்றரை, படித்த கல்லூரியின் ஆய்வுகூட மீற்றரோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். சான்றிதழே வேண்டுமென்றால் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் அளவுத்திருத்தம் செய்து கொடுக்கிறது. அது மகனுக்கு இப்போது தேவையில்லை. கருவியில் ஒட்டியிருக்கும் பழைய ‘அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’ என்ற ஸ்டிக்கருக்கு மயங்க வேண்டாம். அதிலுள்ள திகதியை வாசியுங்கள்.

இதையெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம் என்று பார்சலை மூலையில் வைத்துவிடக் கூடாது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால் ஈபேயில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கையில் கிடைத்து 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். பெருநாள் முடியட்டும் என்று வைத்திருந்து அந்த உரிமையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். விற்பவர், “வலைத்தளத்துக்கு வெளியே நேரடியாக அனுப்பினால் விலை குறைத்துத் தருகிறேன்” என்று எழுதினால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். அப்படி அனுப்பிய காசுக்கு யாரும் பொறுப்பில்லை.

உங்கள் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு வருகிறேன். மூன்றில் ஒரு பங்கு அளவில், பாவித்த ஆனால் சரியான பியூஸ் உள்ள நல்ல கை மீற்றர் ஒன்று. அடுத்தது தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர். அதைக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கட்டும், அல்லது சுற்றுபவரிடம் சொல்லிச் சுற்றுவிக்கலாம். மீதியைத் தொடாமல் வையுங்கள். ஆறு மாதத்தில் மகன் தன் உழைப்பிலிருந்து கொஞ்சம் சேர்த்தால், புதிய, பாரமில்லாத டிஜிட்டல் ஒஸிலோஸ்கோப்புக்குக் கிட்ட வந்துவிடும். “இல்லை, அந்தப் பழைய 465 தான் வேண்டும்” என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. இலங்கைக்குள்ளேயே யாராவது விற்கிறார்களா என்று பார்க்கட்டும். பஸ்ஸில் போய், சொருகி, கோட்டைக் கண்ணால் கண்டுவிட்டு வாங்கலாம்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், முன் அறையில்தான் சின்ன மகள் மதரஸாவிலிருந்து வந்து விளையாடுகிறாள் என்று. அதை முதலில் மாற்றுங்கள், சகோதரி. பழைய ஒஸிலோஸ்கோப்பின் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் தங்கும். திறந்து வைத்த ரீ.வீ. பலகையும் அப்படித்தான். மகனின் மேசையைப் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறைக்கு மாற்றிக் கொடுங்கள். மேசைக்கான மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்றை வாசலுக்குப் பக்கத்தில், நீங்கள் உள்ளே போகாமலே கை எட்டும் இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். அது எந்தச் சுவிட்ச் என்று உங்களுக்கும் காட்டித் தரச் சொல்லுங்கள்.